தம்பியின் கார் லோனுக்கு நான் ஏன் கையெழுத்து போடல

1/
போன வாரம் என் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே பேங்க் பேப்பர். "அக்கா, இதுல ஒரு கையெழுத்து வேணும். நீ கவர்மென்ட் டாக்டர், உன் பே ஸ்லிப் வெச்சா உடனே சாங்ஷன் ஆயிடும்னு மேனேஜர் சொன்னார்" என்றான். கார் லோன். எடுக்கப் போவது டொயோட்டா ஃபார்ச்சூனர்.

நான் போடல. மூணு நாளா அம்மா என்கூட சரியா பேசல. நேர்ல சொன்னா சண்டையாகுது, அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு கம்பெனியைத் திட்டுற பதிவு இல்ல. ஃபார்ச்சூனர் நல்ல வண்டி. பத்து வருஷம் ஓட்டினாலும் பெரிசா தொந்தரவு தராதுன்னு ஊரே சொல்லும். "பணம் இருக்கிறவன் வாங்குறான், உனக்கென்ன வயித்தெரிச்சல்"னு கமெண்ட் வரும், தெரியும். கடைசி வரைக்கும் படிச்சுட்டு திட்டுங்க.

3/
விலையில இருந்து ஆரம்பிப்போம். 2009ல ஃபார்ச்சூனர் இந்தியாவுக்கு வந்தப்ப எக்ஸ்-ஷோரூம் விலை 20 லட்சத்துக்குள்ள இருந்தது. இன்னிக்கு ஆரம்ப மாடலே 33-35 லட்சம். மேல போகப் போக 50 லட்சம் பக்கம் போகுது. தம்பி பார்த்து வெச்சது நடுவுல ஒரு டீசல் ஆட்டோமேட்டிக். கணக்குக்கு 36 லட்சம்னு வெச்சுக்குவோம்.

4/
அந்த 36 லட்சத்துக்குள்ளயே 40% ஜிஎஸ்டி இருக்கு. பிரிச்சுப் பார்த்தா வண்டிக்கு சுமார் 25.7 லட்சம், வரிக்கு 10.3 லட்சம். அதுக்கு மேல தமிழ்நாட்டு சாலை வரி. 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20%. அது ஒரு 7.2 லட்சம். வரி மட்டும் பதினேழரை லட்சம். இன்சூரன்ஸ், இதர செலவெல்லாம் சேர்த்தா ரோட்டுக்கு வரும்போது 45 லட்சத்தை நெருங்கும்.

5/
36 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 57,900 ரூபாய். முடியும்போது கட்டியிருப்பது 48.6 லட்சம். வட்டி மட்டும் 12.6 லட்சம்.

தமிழ்நாட்டுல அசிஸ்டண்ட் சர்ஜனா அரசுப் பணியில சேரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100. வருஷக்கணக்கா படிச்சு, நைட் டியூட்டி பார்த்து வாங்குற அந்த பேஸிக்கை விட ஒரு காரோட தவணை அதிகம். நான் தயங்கினதுக்கு முதல் காரணம் இது. இது மட்டும்தான்னா த்ரெட் எழுதியிருக்க மாட்டேன், அம்மாகிட்ட சொல்லி முடிச்சிருப்பேன்.

6/
சரி, இந்த விலைக்கு என்ன கிடைக்குது? இரண்டு டன்னுக்கு மேல எடை. கிட்டத்தட்ட 4.8 மீட்டர் நீளம். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 குதிரைத்திறன். அடியில லேடர் ஃபிரேம், அதாவது ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பு, குறுக்கே சட்டங்கள், அதுமேல தூக்கி வெச்ச உடம்பு. லாரிக்கும் இதே முறைதான். டொயோட்டாவோட ஹைலக்ஸ் பிக்கப்பும் இதே குடும்பம்.

எஸ்டேட் ரோடு, குவாரி, ஆத்து மணல், பின்னாடி எதையாவது கட்டி இழுக்கறதுன்னா இதுக்கு ஈடே இல்ல.

7/
என் தம்பி எஸ்டேட் வெச்சிருக்கல. டைல்ஸ் கடை வெச்சிருக்கான். வீட்டுக்கும் கடைக்கும் ஆறு கிலோமீட்டர். மாசம் ஒரு தடவை சென்னை, வருஷம் ஒரு தடவை குலதெய்வம் கோயில். ஏழு சீட்டுல பாதி நாள் அவன் மட்டும்தான் உட்காருவான்.

இதைவிடக் குறைஞ்ச விலைக்கு, குலுக்கல் இல்லாம, இடம் தாராளமா இருக்கிற கார்கள் நாலஞ்சு இருக்கு. அவனுக்கும் தெரியும். "அதெல்லாம் கார்க்கா. இது வண்டி" என்றான்.

8/
இந்த "வண்டி" மார்க்கெட்டோட கதையில நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. ஃபோர்டு எண்டெவர் மறைமலை நகர்ல செஞ்சது. மிட்சுபிஷி பஜேரோ திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில இருந்து வந்தது. பஜேரோ மங்கிப்போச்சு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சது, எண்டெவரும் போச்சு. எம்ஜி குளோஸ்டர் மாதிரி சிலது இருந்தாலும் ஃபார்ச்சூனருக்கு சரிசமமா நிக்க ஆளில்ல. போட்டி இல்லாத இடத்துல விலை ஏறத்தான் செய்யும். ஏறிச்சு. வாங்கறவங்க குறையல.

9/
பொருளோட விலை ஏறினா வாங்கறவங்க குறையணும்னு பிளஸ் டூ எகனாமிக்ஸ்ல இருக்கும். சில பொருளுக்கு அது எடுபடாது. விலை ஜாஸ்திங்கறதே அதை வாங்க ஒரு காரணம் ஆயிடும். 1899லயே தார்ஸ்டீன் வெப்லன் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பத்தி புத்தகம் எழுதிட்டார். நம்ம பாட்டிங்க இன்னும் சுலபமா சொல்லுவாங்க: காசு மாலை போடறது கழுத்து குளிருதுன்னு இல்ல.

ஆனா ஃபார்ச்சூனர்ல இன்னொண்ணும் இருக்கு. அதை நானே அனுபவிச்சேன்.

10/
டெஸ்ட் டிரைவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனான். கொஞ்ச தூரம் நான் ஓட்டினேன். உண்மையைச் சொல்றேன், பிடிச்சிருந்தது. என் பழைய ஹேட்ச்பேக்ல போனா எதிர்ல வர்ற பஸ் என்னை ரோட்டை விட்டே இறக்கும். அன்னிக்கு அதே மாதிரி ஒரு பஸ் ஒதுங்கிச்சு. பின்னாடி ஹாரன் அடிக்கிறவங்க யாருமில்ல. பொம்பளை ஓட்டுறான்னு கட் அடிக்கிற பைக் எதுவும் வரல.

ஒரு கல்யாண மண்டபத்துக்கிட்ட வண்டியைத் திருப்ப உள்ள விட்டேன். செக்யூரிட்டி ஓடி வந்து சல்யூட் அடிச்சு, "இங்க போடுங்க மேடம்"னு வாசல்லயே இடம் காட்டினார். போன மாசம் அதே மண்டபத்துல என் காரை "பின்னாடி கிரவுண்டுக்குப் போங்க"ன்னு விரட்டினவர்.

11/
அப்பதான் புரிஞ்சது, இந்த 45 லட்சத்துல விற்கப்படுறது என்னன்னு. ரோட்டுல மத்தவங்க உனக்கு ஒதுங்குவாங்க. அதுதான்.

நம்ம ரோட்டுல சட்டம் ஒதுங்க வைக்காது, சிக்னல் ஒதுங்க வைக்காது, சைஸ்தான் ஒதுங்க வைக்கும். அதனால தம்பி மேல எனக்குக் கோபம் வரல. பெரிய வண்டிக்குப் பயந்து பயந்து ஸ்கூட்டர் ஓட்டின வீட்டுப் பையன்தான் அவனும். எங்கப்பா கடைசி வரைக்கும் டிவிஎஸ் 50தான்.

12/
தம்பியோட கடைசி அஸ்திரம் பாதுகாப்பு. "அக்கா, நீதானே தினமும் ஆக்சிடென்ட் கேஸ் பாக்குற? பெரிய வண்டின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? என் பசங்க சேஃபா இருக்க வேணாமா?"

பதில்: ஆமா. பெரும்பாலும் உள்ள இருக்கிறவங்க தப்பிச்சுடுவாங்க. பெல்ட் போட்டிருந்தா, தானா இறங்கி நடந்து வந்து ஓபி சீட்டு போடுறதை நானே பார்த்திருக்கேன். நான் கையெழுத்து போடாததுக்கு இரண்டாவது காரணம் இங்கதான் ஆரம்பிக்குது. நான் வேலை பார்க்கிற இடத்துக்கு ஸ்ட்ரெச்சர்ல வர்றது பெரும்பாலும் வெளிய இருந்தவங்க.

13/
மத்திய அரசோட சாலை விபத்து அறிக்கை, 2022. நாடு முழுக்க இறந்தவங்க 1,68,491 பேர். அதுல இருசக்கர வாகனத்துல போனவங்க 44.5%. நடந்து போனவங்க 19.5%. ரெண்டையும் கூட்டினா 64%. அந்த வருஷம் தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேர். விபத்துகளோட எண்ணிக்கையில நாமதான் முதலிடம், 64,105.

ஆக நம்ம ரோட்டுல "பாதுகாப்பு"ன்னு பேசினா, முதல்ல ஸ்கூட்டர்காரரையும் நடந்து போறவரையும் பத்திப் பேசணும். கார் விளம்பரத்துல அவங்க வர்றதே இல்ல.

14/
எடைக் கணக்கு எளிது. ஆளோட சேர்த்து பெரிய எஸ்யூவி சுமார் 2,300 கிலோ. ரெண்டு பேர் உட்கார்ந்த ஸ்கூட்டர் 240 கிலோ. நேருக்கு நேர் மோதினா வேகத்துல ஏற்படுற திடீர் மாற்றம் எடைக்குத் தலைகீழ் விகிதம். காரில் இருப்பவர் உணர்றதைப் போல ஒன்பது, பத்து மடங்கு ஸ்கூட்டர்ல இருக்கிறவங்க மேல இறங்கும். பத்தாம் வகுப்பு இயற்பியல். உள்ள இருக்கிறவர் தப்பிக்கிறதும் வெளிய இருக்கிறவர் தப்பிக்காததும் ஒரே சமன்பாடுதான்.

15/
ஆனா எடையை விட நான் அதிகம் யோசிக்கறது முன்பக்க உயரத்தை. இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், எங்க துறை.

சாதாரண கார் ஒரு ஆள் மேல மோதினா, பம்பர் முழங்காலுக்குக் கீழ படும். காலு உடையும். உடம்பு சாய்வான பானெட் மேல உருண்டு விழும். மோசம்தான், தலை கண்ணாடியில இடிக்கலாம். ஆனா அடி படிப்படியா இறங்குது. காலை ஆர்த்தோ டாக்டர் பிளேட் வெச்சு சரி பண்ணிடலாம்.

16/
உயரமான, செங்குத்தான முன்பக்கம் என்றால் அடி விழற இடம் மாறுது. இடுப்பு, வயிறு, சின்ன உருவமா இருந்தா நெஞ்சு. உருண்டு பானெட் மேல ஏற வழி இல்ல. முன்னாடியே தள்ளி ரோட்டுல போடும். வண்டி நிக்கலைன்னா அடுத்தது சக்கரம்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். அது உடைஞ்சா உள்ளேயே ரெண்டு மூணு லிட்டர் ரத்தம் போகலாம், வெளிய ஒரு சொட்டு தெரியாது. உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர்தான். பைண்டர் கையில இல்லாதப்ப பெட்ஷீட்டை மடிச்சு இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டித்தான் மேல் மருத்துவமனைக்கு அனுப்புவோம். அந்த பெட்ஷீட் கட்டின அனுபவம் இருக்கிற எந்த டியூட்டி டாக்டரையும் கேட்டுப் பாருங்க.

17/
குழந்தைன்னா நிலைமை வேற. கார் மோதின குழந்தைக்குத் தொடை எலும்பு, நெஞ்சு-வயிறு, தலைன்னு மூணையும் சேர்த்துத் தேடணும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. முன்பக்கம் உயரமா இருந்தா முதல் அடியே நெஞ்சுலயும் தலையிலயும் விழும்.

நாலு வயசுக் குழந்தையோட சராசரி உயரம் சுமார் 103 சென்டிமீட்டர். அந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

18/
ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாதபடி மாத்தியிருக்கேன். வண்டி எந்தக் கம்பெனிங்கறது இங்க தேவையில்ல.

அறுபது வயசைத் தாண்டின அம்மா. காய் வாங்கிட்டு, டீக்கடை ஓரம் நின்னுட்டிருந்த ஒரு பெரிய எஸ்யூவிக்கு முன்னாடி குறுக்கே நடந்திருக்காங்க. அதே நேரம் டிரைவர் கிளம்பியிருக்கார். வேகமே இல்ல, ஃபர்ஸ்ட் கியர். அவர்தான் தூக்கிட்டு ஓடி வந்தார். குடிக்கல, போன் பேசல. "மேடம், சத்தியமா தெரியல. முன்னாடி ஆள் இருக்கிறதே தெரியல"ன்னு கேஷுவாலிட்டி தரையில உட்கார்ந்து அழுதார்.

அவர் சொன்னது உண்மைன்னுதான் இன்னிக்கும் நினைக்கிறேன்.

19/
அந்தம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சிருந்தது. பிழைச்சாங்க. மூணு மாசம் படுக்கை. அதுக்கப்புறம் வாக்கர். வார்டுல போலீஸ்காரர் ஸ்டேட்மென்ட் வாங்க வந்தப்ப அவங்க சொன்னது: "அந்தப் புள்ள மேல கேஸு எல்லாம் வேணாம்யா. வண்டி அம்புட்டு உசரம். அவருக்கு நான் எங்க தெரியப் போறேன்."

பெரிய மனசுன்னு எல்லாரும் பாராட்டினாங்க. எனக்கு அது உறுத்தலாவே இருக்கு. தெரியாதபடி வண்டி செய்யறதும், தெரியாம ஏத்திடறதும், சகஜம்னு அந்தம்மாவே ஏத்துக்கிட்டாங்க பாருங்க.

20/
ஒரு கேஸை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. சரிதான். அமெரிக்காவுல ஐஐஹெச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023 நவம்பர்ல ஒரு ஆய்வை வெளியிட்டது. கிட்டத்தட்ட 18,000 பாதசாரி விபத்துகளை எடுத்துப் பார்த்தாங்க. பானெட் முனை 40 அங்குலத்துக்கு மேல இருக்கிற வண்டி மோதினா, 30 அங்குலமோ அதுக்குக் குறைவோ இருந்து சரிவா இருக்கிற கார் மோதறதை விட, அடிபட்டவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45% அதிகம்.

40 அங்குலம்னா 101.6 சென்டிமீட்டர். மேல ஒரு எண் ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே.

21/
எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன். அது அமெரிக்க டேட்டா. நம்ம ஊர்ல சாவுக்கு முக்கியக் காரணங்கள் வேற. அதிவேகம், ஹெல்மெட் இல்லாதது, குடி, ராங் சைடு, லைட் இல்லாம நிக்கிற லாரி. ஃபார்ச்சூனர் ஒழிஞ்சா விபத்து ஒழிஞ்சிடும்னு நான் சொல்லல. விக்கிற கார்கள்ல அது ரொம்பச் சின்னப் பங்கு.

ஆனா திசை எதுன்னு பாருங்க. சியாம் கணக்குப்படி 2024-25ல இந்தியாவுல விற்ற பயணிகள் வாகனங்கள்ல 65% யுட்டிலிட்டி வாகனங்கள். இதுல சின்ன எஸ்யூவி, ஏழு சீட்டர் எல்லாம் அடக்கம். 2022 ஜூலையில ஸ்கார்பியோ-என் புக்கிங் திறந்தப்ப அரை மணி நேரத்துல ஒரு லட்சம் புக்கிங். நடந்து போறவங்க நிறைஞ்ச ஒரு நாடு, உயரமான முன்பக்கத்தை நோக்கி ஓடிட்டிருக்கு.

22/
இந்த ஓட்டம் எங்க போய் முடியும்னு அமெரிக்காவைப் பார்த்தா தெரியும். 1999 கடைசியில ஃபோர்டு எக்ஸ்கர்ஷன்னு ஒண்ணை இறக்கினாங்க. கனரக பிக்கப்போட சேஸி மேல எஸ்யூவி உடம்பு. 5.7 மீட்டருக்கு மேல நீளம், மூணு டன்னுக்கு மேல எடை. முன் பம்பருக்குக் கீழ தனியா ஒரு இரும்புக் குறுக்குச் சட்டம் வெச்சாங்க. எதுக்கு? எதிர்ல வர்ற சின்னக் கார் இதுக்கு அடியில புகுந்துடாம இருக்க.

யோசிச்சுப் பாருங்க. தன் வண்டி இன்னொருத்தர் மேல ஏறிடும்னு தயாரிச்சவங்களுக்கே தெரிஞ்சிருந்தது. குறைஞ்சபட்சம் அதுக்கு ஒரு சட்டமாவது வெச்சாங்க.

23/
அந்த மார்க்கெட் தானா வளரல. அரசாங்கம் வளர்த்தது. 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடை வகுப்பு வாகனத்தைத் தொழிலுக்குன்னு வாங்கினா வரிக்கழிவு. 2003ல அந்த உச்சவரம்பை ஒரு லட்சம் டாலராக்கினாங்க. அதாவது டாக்டர், வக்கீல் எல்லாம் ஹம்மர் வாங்கி கணக்குல கழிச்சுக்கலாம். சின்னக் கார் வாங்கினா அந்தச் சலுகை இல்ல. ஊரே சிரிச்சதும் 2004ல எஸ்யூவிக்கு 25,000 டாலரா குறைச்சாங்க. எக்ஸ்கர்ஷன் 2005 மாடலோட நின்னுச்சு.

தம்பியோட ஆடிட்டர் ஃபிரெண்டும் "கடை பேர்ல எடு, தேய்மானம் காட்டிக்கலாம்"னு சொல்லியிருக்கார். ஊருக்கு ஊர் ஆடிட்டர் ஒண்ணுதான்.

24/
நம்ம அரசாங்கம் பெரிய காருக்கு நிறைய வரி போடுதே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. எதை அளந்து போடுதுங்கறதுதான் விஷயம்.

2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள இருந்தா வரி கம்மின்னாங்க. கம்பெனிகள் டிக்கியை வெட்டி நாலு மீட்டருக்குள்ள கொண்டு வந்தாங்க. 2015 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் டெல்லியில 2,000 சிசி மற்றும் அதுக்கு மேற்பட்ட டீசல் கார்ப் பதிவை நிறுத்திச்சு. ஒரு மாசத்துல மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினோட ஸ்கார்பியோவைக் கொண்டு வந்தாங்க. எதை அளக்கறீங்களோ அதை மட்டும் மாத்துவாங்க. அது அவங்க தொழில்.

25/
ஜிஎஸ்டி வந்ததும் எஸ்யூவின்னா என்னன்னு வரையறை வெச்சாங்க. நீளம் 4 மீட்டருக்கு மேல, எஞ்சின் 1,500 சிசிக்கு மேல, தரைக்கும் வண்டி அடிக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேல. இதுக்கு செஸ் சேர்த்து 50% வரி. 2025 செப்டம்பர் 22ல இருந்து செஸ் போய் 40% ஆச்சு. சின்னக் கார்களுக்கு 18% ஆச்சு, அது நல்ல விஷயம். ஆனா அதே நாள்ல ஃபார்ச்சூனர் சில மாடல்கள் 3 லட்சத்துக்கு மேல விலை குறைஞ்சது. தம்பிக்கு ஆசை வந்ததும் அப்பதான்.

நீளம், சிசி, அடி இடைவெளி. ஸ்கூட்டர்காரரைக் கொல்ற எடையும், பானெட் உயரமும் இந்த லிஸ்ட்லயே இல்ல.

26/
ஸ்டார் ரேட்டிங்கும் அப்படித்தான். 2023 அக்டோபர்ல தொடங்கின பாரத் என்கேப் வரவேற்க வேண்டியது. ஆனா அந்த ஸ்டாருக்கான மதிப்பெண் உள்ள உட்கார வெச்ச பெரியவர் பொம்மைக்கும் குழந்தை பொம்மைக்கும் என்ன ஆச்சுங்கறதை வெச்சு வருது. ஷோரூம்ல "அஞ்சு ஸ்டார் சார்"னு சொல்லும்போது, யாருக்கு அஞ்சு ஸ்டார்னு யாரும் கேக்கறதில்ல.

27/
அந்தம்மா மாதிரி அடிபட்டவங்களுக்கான செலவு யாருது? தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு. முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். எவ்வளவோ பேரைக் காப்பாத்தியிருக்கு, நானே சாட்சி. அந்தப் பணம் மக்கள் பணம். 49வது மணி நேரத்துல இருந்து வர்ற மூணு மாசம் படுக்கை, வேலைக்குப் போகாம பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மகள், வாக்கர், மூத்திரப் பை, இதெல்லாம் அந்தக் குடும்பத்தோடது.

கார் வாங்கினவர் 45 லட்சம் கொடுத்துட்டார், உண்மை. ஆனா வண்டியோட முழு விலை அந்த பில்லுல இல்ல.

28/
என்ன பண்ணலாம்? புலம்பிட்டு மட்டும் போகாம நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, சாலை வரியில எடையைச் சேருங்க. ஒவ்வொரு ஆர்சி புக்லயும் வண்டியோட வெற்று எடை ஏற்கெனவே அச்சாகியிருக்கு. புதுசா எதையும் அளக்க வேண்டாம். பிரான்ஸ்ல 2022ல இருந்து எடைக்கு வரி இருக்கு. முதல்ல 1,800 கிலோவுக்கு மேலன்னு வெச்சாங்க, 2024ல 1,600 கிலோவா இறக்கினாங்க. பாரிஸ் நகரம் 2024 அக்டோபர்ல இருந்து கனமான வண்டிகளோட வெளியூர்க்காரங்களுக்கு மைய நகர்ல மணிக்கு 18 யூரோ பார்க்கிங் வாங்குது.

29/
ரெண்டு, முன்பக்க சென்சார். 2019 ஜூலையில இருந்து நம்ம நாட்டுல புது கார்களுக்குப் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். ரிவர்ஸ்ல குழந்தை தெரியாதுங்கறதால. முன்பக்கம் குழந்தை தெரியாத அளவுக்கு உயரமான வண்டிக்கு முன்னாடியும் கட்டாயமாக்குங்க. 40 லட்சம் வண்டியில அந்தச் செலவு தூசு.

மூணு, புல் பார். பம்பருக்கு முன்னாடி மாட்டுற அந்த இரும்புக் கம்பிக்கு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை சொல்லிடுச்சு. இன்னும் எத்தனை வண்டியில பார்க்கறோம்? காருக்குக் கீறல் விழாம இருக்க மாட்டுறாங்க. அந்தக் கம்பியில இடிச்ச தொடையை நான் பார்க்கறேன்.

நாலு, அந்த வரிப் பணத்துல நடைபாதை போடுங்க. நடக்க இடம் இருந்தா யாரும் வண்டிக்கு முன்னாடி நடக்கப் போறதில்ல.

30/
நிஜமாவே தேவை இருக்கிறவங்க வாங்கட்டும். மலைக் கிராமத்துக்குப் போற ஃபாரஸ்ட் அதிகாரி, தோட்டம் வெச்சிருக்கிறவர், பத்து பேர் கூட்டுக் குடும்பம். அவங்களைப் பத்தி நான் பேசல. தினம் ஆறு கிலோமீட்டர் டைல்ஸ் கடைக்குப் போறவனைப் பத்திப் பேசறேன். அவனை மாதிரி லட்சம் பேர் இருக்காங்க, அவங்களைத்தான் எல்லா விளம்பரமும் குறிவைக்குது.

31/
தம்பிகிட்ட இதையெல்லாம் சுருக்கமா சொன்னேன். "நான் வாங்காட்டி இன்னொருத்தன் வாங்குவான். அவன் என் மேல மோதினா?" என்றான். இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. ஒருத்தர் வாங்கினா அடுத்தவர் பயத்துல வாங்குவார், அவரைப் பார்த்து இன்னொருத்தர். தனி மனுஷன் நல்லவனா இருந்து தீர்க்கிற விஷயம் இல்ல இது, அதனாலதான் சட்டத்துல மாத்தணும்னு சொல்றேன். ஆனா என் பே ஸ்லிப் என் கையில. வார்டுல பெட்ஷீட் கட்டுற அதே கையால அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட எனக்கு மனசு வரல.

32/
சித்தப்பா மகன் கையெழுத்து போட்டுட்டான். அடுத்த மாசம் டெலிவரி. நானும் போவேன், என் தம்பியாச்சே. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு முதல் முறை நகர்த்துவாங்க. டிரைவர் சீட்ல இருந்து அந்தப் பழம் தெரியாது.

அதனால அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கேன். உங்ககிட்டயும் கேக்கறேன், எந்தக் கார் வெச்சிருந்தாலும்.

33/
எஞ்சினை ஆஃப் பண்ணி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துட்டு, உங்க சீட்ல வழக்கம்போல உட்காருங்க. வீட்டுல யாரையாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு குச்சியைப் பிடிச்சுட்டு பம்பரை ஒட்டி நிக்கச் சொல்லுங்க. குச்சியோட முனை தெரியுதா? தெரியலைன்னா, தெரியற வரைக்கும் பின்னாடி நடக்கச் சொல்லுங்க. அந்த தூரத்தை டேப் வெச்சு அளங்க.

அந்த தூரத்துக்குள்ள ஒரு நாலு வயசுக் குழந்தை நின்னா உங்களுக்குத் தெரியாது. அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டுங்க. நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போதெல்லாம் ஒரு தடவை பாருங்க.

34/
தம்பி, இதைப் படிப்பேன்னு தெரியும். கோவிச்சுக்காத. டெலிவரி அன்னிக்கு டேப் நான் கொண்டு வர்றேன். அம்மாகிட்ட என்கூட பேசச் சொல்லு.

மத்தவங்க உங்க வண்டி, நீங்க அளந்த தூரம் ரெண்டையும் கீழ எழுதுங்க. ஸ்கூட்டர்ல போறவங்க ஹெல்மெட்டைத் தலையில போட்டு கிளிப்பை மாட்டுங்க. நைட் டியூட்டிக்குக் கிளம்பறேன்.